ஷானுவலை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள்

"டிராஃப்டில் முதல் சுற்றில் எடுத்தால் சில வாரங்களில் மேஜர் லீக்தான், கூடைப்பந்து மாதிரி" என்று ஒருவர் அமெரிக்க பேஸ்பால் வீரர் நோலன் ஷானுவலைக் காட்டி எழுதியிருக்கிறார். டிராஃப்ட் என்பது அணிகள் புது வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது; மேஜர் லீக் என்பது பேஸ்பாலின் உச்ச மட்டம். ஷானுவல் விஷயம் உண்மை. 2023 ஜூலையில் ஏஞ்சல்ஸ் அணி எடுத்தது, ஆகஸ்டிலேயே இறக்கிவிட்டது. ஆனால் அது அபூர்வம். அவரும்கூட நடுவில் மைனர் லீக் எனப்படும் கீழ்மட்ட அணிகளில் ஆடிவிட்டுத்தான் வந்தார்.

வழக்கமான பாதை வேறு. பள்ளி முடித்த கையோடு வரும் பையன் பெரும்பாலும் அரிசோனாவிலோ ஃபுளோரிடாவிலோ உள்ள பயிற்சி வளாக லீக்கில் தொடங்குவான். அப்புறம் சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்று மைனர் லீக்கின் படிகளில் ஒவ்வொன்றாக ஏறவேண்டும். கல்லூரி வீரர்கள் ஒன்றிரண்டு படிகளைத் தாண்டுவதுண்டு.

பால் ஸ்கீன்ஸையே பாருங்கள். அதே 2023 டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர், மணிக்கு நூறு மைல் வேகத்தில் பந்து வீசுபவர். அவரையே பைரேட்ஸ் அணி பிராடென்டன், அல்டூனா, இண்டியானாபொலிஸ் என்று தன் மைனர் லீக் அணிகள் உள்ள ஊர்களில் சுற்றவைத்து, 2024 மே மாதம்தான் மேலே கூப்பிட்டது. பந்து வீசும் கைக்கு வேலை ஏற்றுவதில் அவ்வளவு ஜாக்கிரதை. இதுவே வேகமான பயணம்தான்!

டிராஃப்ட் இப்போது 20 சுற்று. அதில் வருபவர்களில் பெரும்பாலோர் மேஜர் லீக்கை எட்டுவதே இல்லை. அதற்காகக் கடைசிச் சுற்று என்றால் கதை முடிந்தது என்றும் இல்லை. இத்தனை சுற்றுதான் என்ற வரம்பில்லாத 1988-இல் 62-ஆவது சுற்றில் எடுக்கப்பட்ட மைக் பியாஸா, 2016-இல் பேஸ்பால் ஜாம்பவான்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் நுழைந்தார்.