"நேரம் கிடைக்கும்போது வருகிறேன்" என்பவர்களுக்கு

ஒவ்வொரு கல்வியாண்டு தொடங்கும்போதும் இன்பாக்ஸில் இந்தக் கேள்வி வந்துவிடும். "வசதியில்லாத பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாடம் சொல்லித் தருகிறீர்களாமே, நானும் வரலாமா? நேரம் கிடைக்கும்போதெல்லாம் வந்துவிடுகிறேன்." நல்ல மனசுதான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த "நேரம் கிடைக்கும்போது" இருக்கிறதே, அதைப் படித்தாலே இப்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. கோபித்துக்கொள்ள வேண்டாம், சொல்லி முடித்துவிடுகிறேன்.

நானும் அப்படி வந்தவன்தான். முதலில் எனக்குக் கிடைத்தது எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன். ஆர்வக்கோளாறில் நேராக இயற்கணிதத்தில் ஆரம்பித்துவிட்டேன். நான் பாட்டுக்கு எக்ஸ், ஒய் என்று எழுதித் தள்ள, அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான் (பிள்ளைகளின் தலையாட்டலை நம்பவே கூடாது என்பதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டது). மூன்றாவது வாரம் தற்செயலாக அவன் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தால், 52-இல் 38 போனால் 26 என்று எழுதி வைத்திருக்கிறான். சரி, கவனக்குறைவு என்று நினைத்து 71-இல் 45-ஐக் கழிக்கச் சொன்னேன். 34 என்றான், கொஞ்சமும் தயங்காமல். அப்போதுதான் உறைத்தது. மேலே இருக்கும் இலக்கம் எது, கீழே இருக்கும் இலக்கம் எது என்று அவன் பார்ப்பதே இல்லை, ஒவ்வோர் இடத்திலும் எது பெரியதோ அதிலிருந்து சின்னதைக் கழித்துவிடுகிறான். கடன் வாங்கிக் கழிப்பது சின்ன வகுப்பிலேயே எங்கோ நழுவிப் போயிருக்கிறது, அதன் மேல் இத்தனை வருடப் பாடங்களையும் அடுக்கியிருக்கிறார்கள், நானும் என் பங்குக்கு இயற்கணிதத்தைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். அவனுடைய ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டேன். வகுப்பு நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடத்திட்டத்தையும் முடித்தாக வேண்டியவர் எத்தனை நோட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டுவார்?

நமக்கு இருக்கும் ஒரே அனுகூலம் அதுதான். பட்டமும் இல்லை பயிற்சியும் இல்லை, ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பது ஒரு பிள்ளையோ இரண்டு பிள்ளைகளோதான். தனியாகச் சொல்லித் தந்தால் சராசரி மாணவர்கூட வழக்கமான வகுப்பில் படிக்கும் 98 சதவீதம் பேரைத் தாண்டிவிடுவார் என்று 1984-இல் அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் ப்ளூம் எழுதியதை இந்த வட்டாரத்தில் எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் அவ்வளவு பெரிய பலன் தெரியவில்லை என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். 2020-இல் 96 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தனிப் பயிற்சிக்கு நல்ல பலன் உண்டு என்பது உறுதியானது. ஆனால் ஆசிரியர்களும் பயிற்சி பெற்ற உதவியாளர்களும் சொல்லித் தந்தபோது கிடைத்த அளவு தன்னார்வலர்களிடம் கிடைக்கவில்லை. நமக்குக் கசக்கிற சேதிதான், என்ன செய்வது.

அதற்காகத் தன்னார்வலர்களே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2020-இல் ஊரடங்கின்போது இத்தாலியில் பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு பைசா வாங்காமல், பின்தங்கிய நடுநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இணையவழியில் ஆளுக்கு ஒருவராகச் சொல்லித் தந்தார்கள். பிள்ளைகளின் படிப்பும் முன்னேறியது, மனநிலையும் தேறியது. அங்கே வாரத்துக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் என்று கணக்கு இருந்தது, கற்பித்தல் தெரிந்தவர்கள் பின்னால் நின்று அந்த மாணவர்களுக்கு வழிகாட்டினார்கள். மும்பையிலும் வதோதராவிலும் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு நடத்திய பால்சகி திட்டத்தையும் பாருங்கள். பின்னாளில் நோபல் வாங்கிய அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் ஆராய்ந்த திட்டம் அது. அதில் வேலை செய்தவர்கள் அதே பகுதி இளம்பெண்கள், பள்ளிப் படிப்பு முடித்தவர்கள், அவ்வளவுதான். பின்தங்கிய 15, 20 பிள்ளைகளைப் பள்ளி நேரத்திலேயே தினம் இரண்டு மணி நேரம் தனியாக உட்கார வைத்து, வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு எழுத்து, எண் என்று அடியிலிருந்து சொல்லித் தந்தார்கள். அவர்களுக்குச் சிறு தொகை சம்பளமும் உண்டு. தினமும் வந்தார்கள் என்பதை மறுபடி ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள்.

நான் தினமும் வரவில்லை. கடன் வாங்கிக் கழித்தல் ஓரளவு பிடிபட ஆரம்பித்த நேரத்தில் அலுவலகத்தில் வேலை நெருக்கியது, ஒரு வாரம் போகவில்லை, அடுத்த வாரம் போகக் கூச்சமாக இருந்தது, மூன்றாவது வாரம் ஏதோ ஒரு சாக்கு. நான்காவது வாரம் போய் நின்றேன். அவன் நோட்டே கொண்டுவரவில்லை. கோபமாகக்கூட இல்லை, சும்மா சொன்னான்: "நீங்களும் போய்ட்டீங்கன்னு நெனச்சேன் சார்."

அந்த "நீங்களும்" என்பதில் இருந்த "உம்"தான். எனக்கு முன்னால் மூன்று பேர் வந்து போயிருக்கிறார்கள் என்று அப்புறம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மூன்று பேரும் நல்லவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். அமெரிக்காவில், பெரியவர் ஒருவரைப் பிள்ளைக்குத் துணையாகச் சேர்த்துவைக்கும் வழிகாட்டித் திட்டம் ஒன்றை வைத்து 2002-இல் ஓர் ஆய்வு வந்தது. ஒரு வருடமாவது நீடித்த உறவு பிள்ளைகளுக்கு நன்மை செய்தது, மூன்று மாதத்துக்குள் முறிந்தபோது பிள்ளைகள் தங்களைப் பற்றி வைத்திருந்த மதிப்பே குறைந்தது என்று அதில் சொல்லியிருந்தார்கள். அதைப் படிக்கும்போது எனக்கு அந்த நோட்டு இல்லாத மேஜைதான் ஞாபகம் வந்தது. பாதியில் விட்டுப் போனால் கணக்கு பழைய இடத்திலேயே நிற்கும் என்றுதான் நினைத்திருந்தேன். பழைய இடத்துக்கும் கீழே போகும் என்று தோன்றவே இல்லை.

போட்டோ எடுத்துப் போடுகிறவர்களைப் பற்றித் தனியாக ஒரு பதிவே எழுதலாம், இன்றைக்கு விட்டுவிடுகிறேன். சான்றிதழுக்காக வரும் கல்லூரிப் பிள்ளைகள் மேல்கூட எனக்குக் கோபமில்லை, அவர்கள் எத்தனை மணி நேரம் என்று கேட்டுக்கொண்டு அத்தனை மணி நேரமும் வந்துவிடுகிறார்கள். சேவை மனப்பான்மையோடு வருகிறவர்களிடம்தான் கறாராகப் பேச வாய் வரமாட்டேன் என்கிறது. சும்மா வந்து உதவுகிறவரிடம் ஏன் நேற்று வரவில்லை என்று எப்படிக் கேட்பது? யாரும் கேட்பதில்லை, அந்தக் கணக்கு கடைசியில் பிள்ளையின் தலையில் ஏறிவிடுகிறது.

இப்போது என்னிடம் இரண்டே பேர். செவ்வாய், வெள்ளி. போக முடியாத நாளில் முந்தின நாளே போன் செய்து அவர்களிடமே சொல்லிவிடுகிறேன். பாடப்புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் முதல் இரண்டு வாரம் நோட்டின் கடைசிப் பக்கங்களை மட்டும் பார்க்கிறேன்.

போன வாரம் ஒரு நண்பர் இதே கேள்வியோடு வந்தார், நேரம் கிடைக்கும்போது வரலாமா என்று. வாரம் இரண்டு நாள், ஒரு வருடம், ஒரே பிள்ளை என்று பதில் அனுப்பினேன். ப்ளூ டிக் விழுந்து ஆறு நாள் ஆகிறது.