பிப்பெட்டும் ஒற்றைச் சொல்லும்

எங்கள் பள்ளியில் ஆண்டாய்வு நெருங்குவது பினாயில் வாசனையிலேயே தெரிந்துவிடும். முதல் நாள் சாயங்காலம் நாங்களே வகுப்பைக் கழுவிவிடுவோம். வருடம் முழுக்கப் பூட்டிக் கிடந்த ஆய்வக அலமாரி திறக்கும், திரவம் அளக்கும் கண்ணாடிக் குழாய்களான பிப்பெட், பியூரெட் எல்லாம் மேசைக்கு வரும். அதிகாரி போனதும் திரும்ப உள்ளே.

இங்கிலாந்தில் இந்த ஒத்திகைக்கு நேரம் கிடையாது. 1992-இல் சட்டம் போட்டு உருவாக்கிய ஆஃப்ஸ்டெட் என்ற பள்ளி ஆய்வு அமைப்பு, வழக்கமாக முந்தைய நாள்தான் போன் செய்யும். 2024 வரை அரசுப் பள்ளிகளுக்கு, வந்து பார்த்துவிட்டு, நான்கு தரங்களில் ஒன்றைச் சூட்டிவிட்டுப் போனது. நல்ல தரமென்றால் பள்ளி வாசலில் பேனர் தொங்கியது, அக்கம்பக்கத்து வீடுகளை விற்கும் விளம்பரத்திலும் ஏறியது.

ரெடிங் நகரின் கேவர்ஷம் தொடக்கப்பள்ளி 2009 முதல் 'மிகச் சிறப்பு'. 2022 நவம்பர் ஆய்வில் கற்பித்தலும் மாணவர் நடத்தையும் 'நன்று' என்றார்கள். குழந்தைப் பாதுகாப்பு ஏற்பாடுகளில் குறை என்று நிர்வாகத்துக்குக் கடைசித் தரம் கொடுத்தார்கள். ஒட்டுமொத்தப் பள்ளிக்கும் அதே சொல்: 'போதாது'. அறிக்கை வெளிவருமுன்பே, 2023 ஜனவரியில், தலைமையாசிரியர் ரூத் பெர்ரி தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதில் ஆய்வுக்கும் பங்குண்டு என்று மரண விசாரணை அதிகாரி சொன்னார். அதே பள்ளி 2023 ஜூன் மறு ஆய்வில் 'நன்று'. ஏழே மாதம்!

குறை இருந்தால் எழுதத்தான் வேண்டும், பிள்ளைகளின் பாதுகாப்பு விஷயமாயிற்றே. ஆனால் ஏழு மாதத்தில் சரிசெய்யக்கூடிய ஒன்றுக்காக முழுப் பள்ளிக்கும் ஏன் அந்தப் பெயர்? 2024 செப்டம்பரில் அரசுப் பள்ளிகளுக்கு ஒற்றைச் சொல் தீர்ப்பைக் கைவிட்டார்கள். 2025 நவம்பரிலிருந்து தலைப்புவாரியாக ஐந்து படிகள். ஒரு முத்திரை போய்ப் பல முத்திரைகள் வந்திருக்கின்றன, அவ்வளவுதான் என்பது என் எண்ணம்.

ஃபின்லாந்து 1990-களிலேயே ஆய்வாளர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. நாமும் அப்படியே செய்யலாமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே பள்ளி ஆசிரியராக முதுகலைப் பட்டம் வேண்டும். இங்கே அதிகாரியும் வராவிட்டால் அந்த அலமாரி ஒருநாள்கூடத் திறக்காது.

ஒருமுறை வந்த அதிகாரி மேசையிலிருந்த பிப்பெட்டை எடுத்து என்னிடம் நீட்டி, "இதை எப்படிப்பா பிடிக்கணும்?" என்றார். "நேத்துதான் சார் முதல்ல பார்த்தேன்" என்றேன். சிரித்துக்கொண்டே நோட்டில் நீளமாக ஏதோ எழுதினார். அது என்னவென்று, என்னை அந்தப் பள்ளிக்கு அனுப்பிய எங்கள் அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை.