அனுப்புக்கூலியை முன்கூட்டியே கேட்பது பிழையில்லை

2025 ஜூன் மாதத்தில், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு பின்நேரம், எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சந்திக் கடைக்காரர் எனக்கு ஒரு பார்சல் வந்து கிடப்பதாகப் போன் செய்தார். நான் யாரிடமும் எதையும் வாங்கியிருக்கவில்லை. ஆகவே அது என்னவென்று போய்ப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. பின்னல் உடுப்புகளை ஓடர் எடுத்து விற்கும் நான், பதினேழு நாட்களுக்கு முன்னர் கொழும்புக்கு அனுப்பிய கைக்குழந்தை செட் திரும்பி வந்திருந்தது. மஞ்சள் கம்பளி நூலில் பின்னிய தொப்பி, சின்னச் சுவெட்டர், காலுறை. பொலித்தீன் பையின் ஒரு மூலை கிழிந்து மழைநீர் உள்ளே இறங்கியிருந்தது; நனைந்த கம்பளிக்கே உரிய அந்த நாற்றம் பையைப் பிரிக்கும் முன்னரே மூக்கில் ஏறியது. பையின் மேல் தடித்த பேனாவால் யாரோ ‘ரிட்டர்ன்’ என்று எழுதியிருந்தார்கள். ஓடர் செய்தவருக்கு அழைத்தேன். இரண்டு முறை மணி அடித்தது, மூன்றாவது முறை என் இலக்கம் தடுக்கப்பட்டிருந்தது. அந்த செட்டைக் கழுவி, வெயில் இல்லாத காரணத்தால் அடுப்புக்கு மேலே கயிறு கட்டி மூன்று நாள் காயவைத்தேன். புகை படிந்ததை இனி யாருக்கு விற்பது? தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலேயே பிறந்திருந்த ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன்.

அன்றிலிருந்து எந்த ஓடருக்கும் அனுப்புக்கூலியை முன்கூட்டியே வாங்கிய பிறகுதான் பொதியைக் கட்டுகிறேன். பொருளின் விலையை யாரிடமும் முன்கூட்டிக் கேட்பதில்லை. விரும்புபவர்கள் அனுப்பலாம், விரும்பாதவர்கள் பொருளைக் கையில் வாங்கும்போது கொடுக்கலாம். அனுப்புக்கூலி மட்டும் முதலில் வரவேண்டும். இதற்காக என்னோடு கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. “முதலில் காசு கேட்பவர்கள் எல்லோரும் கள்ளர்கள்” என்று ஒரு அக்கா நேரடியாகவே எழுதினார். அவருக்கும், அவரைப் போல நினைப்பவர்களுக்கும், என்னைப் போலச் சின்னதாக விற்கும் தங்கைமார் தம்பிமாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த அக்காவின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். வங்கிக் கணக்குக்குப் பணம் போட்டபின் மாயமாகிப்போன பேஸ்புக் பக்கங்கள் இந்த நாட்டில் ஏராளம். படத்தில் ஒரு சேலை, வீட்டுக்கு வந்து சேர்ந்தது வேறொரு சேலை என்ற அனுபவம் இல்லாத குடும்பம் குறைவு. கேஷ் ஒன் டெலிவரி, அதாவது பொருள் கைக்கு வரும்போது பணம் கொடுப்பது, என்ற முறை நம் மக்களிடம் இவ்வளவு வேரூன்றியதற்கு அந்த ஏமாற்றங்களே காரணம் என்பதை நான் மறுக்கவில்லை. நானும் வாங்குபவளாக இருக்கும்போது அதைத்தான் தேர்ந்தெடுக்கிறேன்.

ஆனால் அந்த முறையில் யார் எதைச் சுமக்கிறார்கள் என்று ஒருமுறை கணக்குப் பார்க்க வேண்டும். வாங்குபவர் மனம் மாறினால் கதவைத் திறக்காமல் இருந்தால் போதும், அவருக்கு ஒரு சதமும் நட்டமில்லை. கூரியர் நிறுவனத்துக்கு அதன் கட்டணம் எப்படியும் வந்துவிடும். திரும்பி வரும் பொதிக்கும் தனியாகக் கட்டணம் எடுக்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. மீதி எல்லாவற்றையும் விற்பவர்தான் தாங்க வேண்டும். நான் அந்த செட்டை 1,900 ரூபாவுக்கு விற்கிறேன். நூலுக்கு 650 ரூபா, ஐந்து இரவுகளின் பின்னல் வேலை, அனுப்புக்கூலி 450 ரூபா. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளர்களின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக உயர்த்தப்பட்டது. கொழுந்து எடுக்கும் என் அம்மாவின் அந்தக் கணக்கில் பார்த்தால், அந்த 450 ரூபா ஒரு பேரில், அதாவது ஒரு நாள் சம்பளத்தில், சரியாக மூன்றில் ஒரு பங்கு. யாரோ ஒருவர் மனம் மாறியதற்காக அதை என் வீடு கட்ட வேண்டியிருக்கிறது. மாதம் ஆயிரம் பொதி அனுப்பும் கடைக்கு இருபது பொதி திரும்பினால் அது செலவுக் கணக்கில் ஒரு வரி மட்டுமே. மாதம் பத்துப் பன்னிரண்டு பொதி அனுப்பும் எனக்கு மூன்று திரும்பினால் அடுத்த மாதத்துக்கு நூல் வாங்கக் காசில்லை.

திரும்பாத பொதிகளின் பணமும் உடனே கைக்கு வருவதில்லை. கூரியர்காரர் வசூலித்த பணத்தை நிறுவனம் கட்டணம் கழித்துக்கொண்டு வாரத்துக்கு ஒருமுறை நம் கணக்கில் போட வேண்டும் என்பதுதான் பேச்சு. நான் முன்னர் பயன்படுத்திய ஒரு நிறுவனம், ஏழு பொதிகளின் பணத்தை ஆறு வாரம் வைத்திருந்தது. கேட்கும்போதெல்லாம் “அடுத்த வெள்ளிக்கிழமை” என்றார்கள். சேர்ந்து வந்த தொகை சரியாகத்தான் இருந்தது, ஆனால் அந்த ஆறு வாரமும் என் கையில் ஊசி சும்மா இருந்தது.

முன்கூட்டிப் பணம் அனுப்புவது ஒரு காலத்தில் உண்மையிலேயே சிரமமான வேலையாக இருந்தது. வங்கிக்குப் போய், வரிசையில் நின்று, ஸ்லிப் நிரப்ப வேண்டும். 2015 ஆம் ஆண்டில் செப்ட்ஸ் என்ற உடனடிப் பரிமாற்ற முறை வந்தபிறகு, ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குப் பணம் சில விநாடிகளில் போகிறது. அதற்கான கட்டணமும் சிறியது. வங்கிச் செயலி இல்லாதவர்களுக்கு ஈசீ கேஷ், எம்கேஷ் என்ற கைபேசிப் பணச் சேவைகள் இருக்கின்றன. டவுனில் ரீலோட் போடும் கடைகள் பலவற்றில் அதைச் செய்துகொள்ளலாம். மத்திய வங்கி கொண்டுவந்த லங்கா கியூஆர் குறியீட்டை நேரில் விற்பவர்கள் மேசையில் வைத்திருக்கிறார்கள், அதையே வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினாலும் பலருக்கு வேலை செய்கிறது. 1888இல் தோட்டத் துரைமாரின் தேவைக்காக வங்கி ஒன்று பிறந்த ஊர் ஹட்டன். இன்று அதே ஊரைச் சுற்றியுள்ள லயங்களில் இருந்துகொண்டு ஒரு பெண் போனிலேயே பணம் பெற முடிகிறது என்பது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

புதிதாக விற்கத் தொடங்குபவர்கள் இரண்டு விஷயங்களில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். யாராவது பணம் போட்டதாக ஸ்க்ரீன்ஷொட் அனுப்பினால், அந்தப் படத்தை நம்பிப் பொதியைக் கட்டாதீர்கள். உங்கள் கணக்கைத் திறந்து மீதியைப் பாருங்கள். திகதியையும் தொகையையும் மாற்றிச் செய்த படம் எனக்கே வந்திருக்கிறது, எழுத்தின் அளவு ஒரு வரியில் மட்டும் வேறாக இருந்ததால் தப்பினேன். இரண்டாவது, “கூரியர் மூலம் உங்களுக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன், இந்த இணைப்பைத் திறந்து கார்ட் இலக்கத்தைப் போடுங்கள்” என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். நமக்கு வரவேண்டிய பணத்தைப் பெறுவதற்கு ஓடிபி தேவையே இல்லை. கணக்கு இலக்கம், பெயர், வங்கி, கிளை. இவ்வளவு கொடுத்தால் போதும்.

கார்ட் மூலம் பணம் பெறும் வசதியையும் நான் முயன்று பார்த்தேன். ஒவ்வொரு பரிமாற்றத்திலும் ஒரு வீதத்தை எடுத்துக்கொண்டு மீதியை வங்கியில் போடும் நிறுவனங்கள் இங்கே இருக்கின்றன, வாங்குபவருக்கு அது மிக வசதி. ஆனால் அதற்கு வியாபாரப் பதிவு கேட்டார்கள். வியாபாரப் பதிவுக்குப் போனால், வியாபாரம் நடக்கும் இடத்துக்கு ஆதாரம் கேட்டார்கள். நான் பின்னுவது லயத்து அறையில். அந்த அறை எங்கள் பெயரில் இல்லை, எங்கள் பாட்டன் பெயரிலும் இருந்ததில்லை. உறுதிப்பத்திரம் இல்லை, வாடகை ஒப்பந்தம் இல்லை, தண்ணீர் பில் இல்லை. தோட்ட நிர்வாகத்திடம் ஒரு கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். நிர்வாகமோ, லயத்தில் வியாபாரம் செய்ய நாங்கள் எப்படிக் கடிதம் தருவது என்று கேட்டது. நான்கு நடை நடந்துவிட்டுக் கைவிட்டேன். பணம் பெறும் வழிகளைப் பற்றிப் பேசும் எல்லோரும் செயலிகளைப் பற்றியே பேசுகிறார்கள். எங்களுக்கு அந்தச் செயலிக்குள் நுழையும் வாசலிலேயே விலாசம் என்ற கேள்வி குறுக்கே நிற்கிறது.

பொருள் அனுப்பும் வழியிலும் அதே கேள்விதான் நிற்கிறது. எங்கள் விலாசம் என்பது தோட்டத்தின் பெயர், கணக்கு என்று நாங்கள் சொல்லும் தோட்டப் பிரிவின் பெயர், டவுனின் பெயர். மேற்கணக்கில் ஒரு விஜயலெட்சுமி, கீழ்க்கணக்கில் இரண்டு விஜயலெட்சுமி. கடிதங்கள் தோட்ட ஆபிசுக்குப் போய், அங்கிருந்து யார் கையிலாவது ஏறி, ஒருநாள் வீடு வந்து சேரும். தப்பால் என்று தோட்டத்தில் சொல்லும் தபால் பையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் டவுனுக்குப் போய்வந்த காலத்து ஏற்பாட்டின் மிச்சம் அது. நேர்முகப் பரீட்சை முடிந்த மறுநாள் கைக்கு வந்த அழைப்புக் கடிதங்களின் கதை எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறது. கூரியர் தம்பிகளுக்கு இது இன்னும் கடினம். கீழே தார் ரோட்டில் நின்று போன் செய்வார்கள். அம்மா அந்த நேரம் சிக்னல் இல்லாத மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார். இரண்டு முறை அழைத்துப் பார்த்துவிட்டு, ஆள் இல்லை என்று பதிந்துவிட்டுப் போய்விடுவார்கள். டவுனுக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று செய்தி வரும். டவுனுக்குப் போய்வர பஸ் கூலியும் அரைப்பேரும் போகும். ஆகவே பார்சலை ஏற்காமல் விடும் தோட்டத்து வாடிக்கையாளர் எல்லோரும் மனம் மாறியவர்கள் என்று நான் ஒருபோதும் எண்ணுவதில்லை. அவர்களில் பலர் அந்த அரைப்பேரை இழக்க முடியாதவர்கள்.

இதனால்தான் தோட்டப்புறங்களுக்குப் போகும் பொதிகளை நான் பெரும்பாலும் தபாலில் அனுப்புகிறேன். கூரியர் கிளை இல்லாத இடத்திலும் ஒரு உப தபாலகம் இருக்கும், அங்கே உள்ளவருக்கு எந்த லயத்தில் யார் என்று தெரியும். தபால் திணைக்களத்திலும் பொருளைக் கொடுத்துப் பணம் வாங்கும் சேவை உண்டு, பலருக்கு இது தெரியாது. 2022 ஆகஸ்டில் சாதாரணக் கடிதத்துக்கான முத்திரை 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவாக உயர்ந்தபோது, தபால் இனிச் சரிவராது என்று பலர் விட்டுவிட்டார்கள். ஆனால் இலேசான, உடையாத பொருளுக்கு அது இன்றும் கணக்குக்குள் வருகிறது. 1894இல் கட்டிய நுவரெலியாத் தபாலகத்தைச் சுற்றுலாத் தேவைக்குக் கொடுக்கும் யோசனைக்கு எதிராக 2023 நவம்பரில் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அந்தச் சிவப்புக் கட்டடத்தின் அழகைப் பற்றி நிறையப் பேர் எழுதினார்கள். எனக்கோ அந்தக் கட்டடத்துக்குள் இன்னும் பொதி நிறுக்கிறார்கள் என்பதுதான் பெரிய விஷயம்.

வெளிநாட்டு ஓடர்கள் எனக்குக் குறைவு, ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். பேபால் கணக்கை இங்கிருந்து பணம் செலுத்துவதற்குப் பயன்படுத்தியிருக்கிறோமே தவிர, அதில் பணம் பெற முடியாமல்தான் பல வருடங்கள் கழிந்தன. கனடாவில் உள்ள மாமாவின் கணக்கில் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், கணக்கு முடங்கினால் உறவும் சேர்ந்து முடங்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பணத்தைப் பெற்றுத்தரும் பேயோனியர் என்ற சேவை இங்கே வேலை செய்கிறது. வங்கி மூலம் நேரடியாக வரும் சிறு தொகையில் கட்டணமே பெரும்பகுதியை எடுத்துவிடும். பன்னாட்டு கூரியர்கள் பொதியின் பருமனையும் பார்க்கிறார்கள்: நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பார்கள். 30, 25, 20 அளவுள்ள ஒரு பெட்டியில் அரைக் கிலோக் கம்பளிதான் இருந்தாலும் மூன்று கிலோவுக்குக் கட்ட வேண்டும். நான் பெட்டியைக் கைவிட்டு, பையில் காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டுகிறேன். தபாலில் சிறு பொதிக்கு இரண்டு கிலோ எல்லை, கூடவே சிஎன் 22 என்ற சுங்கச் சீட்டில் உள்ளே இருப்பதை உண்மையாக எழுத வேண்டும். அமெரிக்காவில் 800 டொலருக்குக் குறைந்த பொதிகளுக்கு இருந்த தீர்வை விலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தப்பட்டது. ஆகவே அங்கிருந்து கேட்பவர்களிடம், தீர்வையை நீங்கள் கட்ட வேண்டிவரலாம் என்று ஓடர் எடுக்கும் முன்னரே சொல்லிவிடுகிறேன்.

இனி அந்த அக்காவுக்கு. அனுப்புக்கூலியை முதலில் வாங்கும் நான் அதற்குப் பதிலாக என்ன தருகிறேன் என்று நீங்கள் கேட்க உரிமை உண்டு. பின்னி முடித்த செட்டை உங்கள் பெயர் எழுதிய துண்டுச் சீட்டோடு வைத்து வீடியோ எடுத்து அனுப்புகிறேன். அனுப்பிய ரசீதின் படத்தை அன்றே அனுப்புகிறேன். அளவு பிழைத்தால் போக்குவரவுச் செலவு என்னுடையது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலால் மலைச்சரிவுகள் விழுந்து எங்கள் பாதைகள் அறுந்தபோது, அனுப்புக்கூலி கட்டியிருந்த ஐந்து பேருக்கும், எப்போது அனுப்ப முடியும் என்று சொல்ல முடியாத நிலையில், காசைத் திருப்பி அனுப்பினேன். அவர்களில் மட்டக்களப்பில் இருக்கும் ஒருவர் அதை மறுபடி என் கணக்கிலேயே போட்டு, “ரோடு திறந்ததும் அனுப்புங்கள், பிள்ளை பிறக்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது” என்று எழுதினார். பொருளின் விலையைப் பொருள் கைக்கு வரும் வரை அவர் வைத்திருந்தார், அனுப்புக்கூலியான அந்தச் சிறு தொகையை நான் வைத்திருந்தேன். இருவரும் ஆளுக்குக் கொஞ்சம் நட்டத்துக்குத் தயாராக இருந்தோம். நான் கேட்பது அந்த அளவுதான்.

ஒவ்வொரு லயத்து வீட்டுக்கும் ஓர் இலக்கமும், ஒவ்வொரு கணக்கின் பாதைக்கும் ஒரு பெயரும் கொடுத்து, அதைத் தபாலகத்திலும் பிரதேச செயலகத்திலும் பதிய வேண்டும் என்று எங்கள் பகுதிப் பெண்கள் சிலர் சேர்ந்து மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத்தில் யாராவது இதைச் செய்து பலன் கண்டிருந்தால், எந்த அலுவலகத்தில் தொடங்கினீர்கள், எந்தப் பத்திரங்களைக் காட்டினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். உங்கள் ஊர் உப தபாலகத்தில் பொருளைக் கொடுத்துப் பணம் வாங்கும் சேவை நடக்கிறதா, பணம் எத்தனை நாளில் கைக்கு வருகிறது என்பதையும் ஊரின் பெயரோடு குறிப்பிட்டால், அவற்றைத் தொகுத்து எல்லோரும் பார்க்கும்படி பதிவிடுகிறேன்.