"விபத்து பூச்சியம்" எண்டு சொல்ற மில்லை நான் நம்பமாட்டன்

ஒரு வேலைத்தலம் பாதுகாப்பானதா எண்டு கேட்டால் மனேஜர்மார் உடனே காட்டுறது ஒரு எண்ணை. "இந்த வருசம் விபத்தே இல்லை." அதை நான் நம்புறதில்லை.

அம்பாறை மாவட்டத்தில ஒரு றைஸ் மில். விபத்து பதியப்படாத மாசம் எல்லாருக்கும் சம்பளத்தோட மேலதிகக் காசு. நல்ல நோக்கத்தோடதான் தொடங்கியிருப்பாங்க. மோட்டர் பெல்ட்டில ஒரு தம்பிக்கு விரல் நசுங்கி, நகம் கழண்டு தொங்குது. சாரத் துண்டைக் கிழிச்சுச் சுத்திக்கொண்டு, "வீட்டுக் கதவு அடிச்சதெண்டு சொல்லுங்கண்ணன்" எண்டு கெஞ்சுறான். தன்னால மத்த ஆக்கள்ட காசும் போயிடும் எண்ட பயம். அந்த மாசமும் பதிவில பூச்சியம். பெல்ட்டை மூட வேண்டிய கம்பிவலை சுவரோரம் சாத்திக் கிடந்தது. மெஷினில அடைப்பு வந்தால் இழுத்தெடுக்கச் சுகம் எண்டு கழட்டினது. மனேஜர் தினமும் அதைக் கடந்துதான் போய்வந்தார்.

1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி, காயத்தால ஒராள் 3 நாளுக்கு மேல வேலை செய்ய ஏலாமல் போனால் தொழில் திணைக்களத்துக்கு அறிவிக்க வேணும். கட்டோட மறுநாளே கூப்பிட்டுக் கதிரையில இருத்தினால் அந்தக் காயத்தை எந்தக் கணக்கிலும் காட்டாமல் மறைச்சிடலாம்.

பெரிய கம்பனிகளே இந்த எண்ணில ஏமாந்திருக்கு. 2010 ஏப்ரல் 20, மெக்சிகோ வளைகுடாவில டீப்வோட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை. 7 வருசமா வேலைநேரம் இழக்கிற விபத்தே இல்லை எண்டு பாராட்ட மேலதிகாரிகள் போயிருந்த அதே நாள் இரவு வெடிச்சு 11 பேர் செத்துப்போனாங்க. கிணத்துக்குள்ள ஏறின அழுத்தத்தை, பழைய காயங்களை எண்ணி அறிய ஏலாது.

விபத்துக்கு முதல் நடக்கிறதை எண்ணுங்க. இந்த மாசம் எத்தனை பேர் "இது ஆபத்து" எண்டு வந்து சொன்னாங்க? அதில எத்தனை, எத்தனை நாளில திருத்தப்பட்டது? மூடியில்லாத மெஷினை நிப்பாட்டினவனுக்கு ஏச்சு விழுந்ததா? ஒருத்தரும் வாய் திறக்காத மாசத்தைக் கண்டால்தான் எனக்குப் பயம். வேலைத்தலப் பாதுகாப்புக்கெண்டு 2018இல வந்த ஐ.எஸ்.ஓ. 45001 எண்ட சர்வதேசத் தரமும் பொறுப்பை மேல்மட்டத்தில இருக்கிறவங்கட தலையிலதான் வைக்குது. பாதுகாப்பு அலுவலர் ஒராளைப் போட்டுட்டுக் கைகழுவ ஏலாது.

பெரும்போக நெல் வரத் தொடங்கினால் மெஷின் இரவு பகலா ஓடும். மில் முதலாளிமாரே, எத்தனை மூடை அரைச்சது எண்டு பாத்துத்தானே மனேஜருக்குப் போனஸ் குடுக்கிறீங்க? தொழிலாளி சொன்ன ஆபத்தை எத்தனை நாளில திருத்தினார் எண்டதையும் அதில சேருங்க. காயம் பட்டதைச் சொன்னவன்ட காசில கை வைக்காதீங்க.