ரோமில் கீழேயும் இறங்கிப் பாருங்கள்

ரோம் போகிறேன், எதைப் பார்க்கலாம் என்று யாராவது கேட்டால் நான் முதலில் கொலோசியத்தைச் சொல்வதில்லை. அதை எப்படியும் பார்த்துவிடுவார்கள். அங்கிருந்து சில நிமிட நடையில் சான் கிளெமெந்தே என்றொரு தேவாலயம் இருக்கிறது. அதற்கு அரைநாள் ஒதுக்குங்கள் என்பேன்.

வெளியே பார்த்தால் சாதாரணக் கட்டடம்தான். உள்ளே பலிபீடத்துக்கு மேலே 12ஆம் நூற்றாண்டு மொசைக் பொன்னாக மின்னுகிறது. பலர் அதைப் பார்த்துவிட்டே கிளம்பிவிடுகிறார்கள். சீட்டு வாங்கிப் படியிறங்கினால் அடியில் இன்னொரு தேவாலயம், 4ஆம் நூற்றாண்டினுடையது. 1857இல் முல்லூலி என்ற அயர்லாந்துப் பாதிரியார் தோண்டத் தொடங்கிய பிறகுதான் அது வெளியே வந்தது. அதற்கும் கீழே ரோமானியர் காலச் செங்கல் சுவர்கள், ஒரு ஒடுக்கமான சந்து, காளையைக் கொல்லும் மித்ராஸ் தெய்வத்தின் சிற்பம் வைத்த சின்ன வழிபாட்டு அறை. எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நான் அந்தச் சந்தில் வெகுநேரம் நின்றேன். கீழே படம் எடுக்க விடவில்லை, அதனால் இங்கே போட என்னிடம் எதுவும் இல்லை.

நடுத்தளத்துச் சுவரோவியம் ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்தத் தேவாலயத்துக்குப் பெயர் தந்த புனித கிளெமெந்தை இழுத்துப் போவதாக நினைத்து வேலையாட்கள் ஒரு தூணை இழுக்கிறார்கள். எசமான் கெட்ட வார்த்தையில் திட்டுகிறான். அந்த வசவு லத்தீனில் இல்லை, தெருவில் பேசிய மொழியில் அப்படியே எழுதியிருக்கிறது. 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் வரைந்தது. இத்தாலிய மொழியின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் அதுவும் ஒன்று. தேவாலயச் சுவரில்!

பழைய கோயில்களை அழித்துத்தான் தேவாலயங்கள் எழுந்தன என்று ஒரு பேச்சு உண்டு. அழிவும் நடந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். கொலோசியத்தின் கல்லையே பெயர்த்துக் கொண்டுபோய் வேறு கட்டடங்களுக்குப் போட்டார்கள். பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயிலின் முன்மண்டபத்து வெண்கலத்தை 17ஆம் நூற்றாண்டில் உருக்க எடுத்துப் போனவர் ஒரு போப்பாண்டவர்தான். ஆனால் அந்தப் பாந்தியன் இன்றைக்கும் முழுசாக நிற்கிறதே, அது 609இல் தேவாலயமாக மாறியதால்தான். கம்பியே இல்லாத கான்கிரீட்டில் 43 மீட்டர் அகலக் குவிமாடம். அதன் நடுத்துளை வழியாக மழை உள்ளே கொட்டுகிறது, தரையிலுள்ள சிறு துளைகள் வழியாக வடிந்து போகிறது. ஆட்கள் வந்து கும்பிட்டுக்கொண்டிருந்த இடத்தை யாரும் லேசில் பெயர்த்துவிட முடியவில்லை. என் கணிப்பில், ரோமின் பழமையை அதிகம் காப்பாற்றியது இந்தப் புழக்கம்தான்.

அப்புறம், பழைய ரோமின் நடுச்சதுக்கமான ஃபோரத்துக்குப் போனால், பேரரசர் அந்தோனினஸுக்கும் அவர் மனைவி ஃபாஸ்டினாவுக்கும் உரிய கோயிலைத் தேடிப் பாருங்கள். 2ஆம் நூற்றாண்டுத் தூண்களுக்குள் ஒரு தேவாலயம் உட்கார்ந்திருக்கிறது. அதன் கதவு, கோயில் தரையிலிருந்து பல அடி உயரத்தில் அந்தரத்தில் தொங்குகிறது. கதவு வைத்த நாளில் மண் அவ்வளவு உயரத்துக்கு மேடிட்டிருந்தது.