அத்தையின் மொரீஷியஸ் பெட்டி

(மதுரை. கூடத்தில் ஒரு பெரிய பெட்டி திறந்து கிடக்கிறது. அத்தையும் மாமாவும் தைப்பூசத்துக்கு மொரீஷியஸ் போகிறார்கள். கண்ணன் லேப்டாப்போடு வந்திருக்கிறான்.)

கண்ணன்: விசாவுக்கு அலைய வேண்டாம் அத்தை. நம் பாஸ்போர்ட்டுக்கு, சுற்றிப் பார்க்கப் போனால் முன்கூட்டி எடுக்க வேண்டியதில்லை. திரும்பி வர டிக்கெட் இருக்கிறதா, எங்கே தங்குகிறீர்கள், செலவுக்குப் பணம் இருக்கிறதா என்று இறங்கியதும் கேட்பார்கள்.

அத்தை: வாசலிலேயே "எப்போது கிளம்புகிறீர்கள்" என்று கேட்பது உன் சின்னத்தை மட்டும்தான் என்று நினைத்தேன். சரி, அடுத்தது?

கண்ணன்: ஆன்லைனில் ஒரு படிவம். நிரப்பினால் கியூஆர் கோடு வரும், அதை அங்கே காட்ட வேண்டும். அது கிடக்கட்டும், இந்தப் பச்சை மூட்டை என்ன?

அத்தை: கறிவேப்பிலை. அடியில் ஒரு கவுளி வெற்றிலை, கொஞ்சம் எலுமிச்சை, ஒரு முருங்கைக்காய்.

கண்ணன்: ஒரே ஒரு முருங்கைக்காயா?

அத்தை: இரண்டு வைத்தேன். பெட்டி மூடவில்லை.

கண்ணன்: எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். அது தீவு. இலையோடு ஒரு பூச்சி போய் இறங்கினால் அவர்கள் விவசாயம் பாழ். பச்சை இலை, பழம், விதை எதுவானாலும் முன் அனுமதி வேண்டும்.

அத்தை: கறிவேப்பிலை இல்லாமல் நான் எப்படி ரசம் வைப்பது?

கண்ணன்: தலைநகர் போர்ட் லூயிஸ் சந்தையில் கிடைக்கும். பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே நம் கொத்தனாரும் தச்சரும் அங்கே போய்விட்டார்கள். இத்தனை வருஷமும் தாளிக்காமலா இருந்திருப்பார்கள்? இது என்ன, ஜிப் கவரில் வெள்ளைப் பொடி?

அத்தை: பழனி விபூதி. அரைக் கிலோ.

கண்ணன்: அத்தை! போதைப்பொருள் விஷயத்தில் அங்கே சட்டம் படு கடுமை. சிகரெட் சுருட்டுகிற வெறும் காகிதம் வைத்திருப்பதே குற்றம். பெயர் எழுதாத வெள்ளைப் பொடி அரைக் கிலோவைப் பார்த்தால், மாமா நெற்றி முழுக்கப் பூசிக் காட்டினாலும் நம்ப மாட்டார்கள். கோவில் பாக்கெட் ஒன்று போதும், பிரிக்காமல் வையுங்கள். மாமாவின் மாத்திரை எங்கே?

அத்தை: அஞ்சறைப் பெட்டியில். அட்டையெல்லாம் பிரித்து அழகாக வைத்திருக்கிறேன். கடுகு இடத்தில் சர்க்கரை மாத்திரை, சீரகத்தில் பிரஷர், வெந்தயத்தில் தூக்க மாத்திரை.

கண்ணன்: கஸ்டம்ஸ்காரனிடம் போய் வெந்தயம் என்பீர்களா? மாத்திரை அட்டையோடு இருக்க வேண்டும், டாக்டர் சீட்டும் கூடவே இருக்க வேண்டும். தூக்க மாத்திரை, சில வலி மாத்திரைக்கெல்லாம் அங்கே கட்டுப்பாடு உண்டு. டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி, முன் அனுமதி வேண்டுமா என்றும் கேட்டுவிடலாம். சீட்டு எங்கே?

அத்தை: அதன் பின்பக்கம்தான் பால் கணக்கு எழுதியிருக்கிறேன். பால்காரர் வந்து பார்த்துவிட்டால் தருகிறேன்.

கண்ணன்: மஞ்சள் காய்ச்சல் ஊசி உங்களுக்கு வேண்டாம். ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா பக்கம் அந்த நோய் இருக்கிற நாடுகளிலிருந்து வருகிறவர்களிடம்தான் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். ஆனால் இந்தியாவிலிருந்து போனால் மலேரியாவுக்கு ரத்தம் எடுக்க சுகாதாரத் துறை ஆள் தேடி வந்தாலும் வரலாம்.

அத்தை: கொசுவுக்கு நான் பயந்தது போய், என்னைப் பார்த்து ஒரு நாடே பயப்படுகிறதா! உன் மாமாவிடம் மறக்காமல் சொல்.

கண்ணன்: அங்கேயும் கொசு உண்டு. பகலில் கடிக்கிற சாதி. 2006-இல் சிக்குன்குனியா அந்தத் தீவையே படுக்க வைத்தது. பூசிக்கொள்ள மருந்து வாங்கித் தருகிறேன். அப்புறம், கடலில் செருப்போடுதான் இறங்க வேண்டும்.

அத்தை: என்னது? கடலம்மா தலையில் செருப்புக் காலா?

கண்ணன்: கல்மீன் என்று ஒன்று. கல் மாதிரியே அசையாமல் கிடக்கும். மிதித்தால் முதுகு முள்ளில் விஷம், உயிர் போகிற வலி. பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு 114-க்குப் போன் போட வேண்டும், ஆம்புலன்ஸ் வரும். ரப்பர் ஷூ விற்கிறார்கள், வாங்கிக்கொள்ளுங்கள்.

அத்தை: நான் கரையில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்துக்கொள்கிறேன். உன் மாமா வேண்டுமானால் மிதிக்கட்டும். தைப்பூசத்தன்று கடை கண்ணி திறந்திருக்குமா?

கண்ணன்: அரசு விடுமுறை அத்தை. பேங்க் மூடியிருக்கும், முதல் நாளே பணம் மாற்றிவிடுங்கள். நமக்கு இங்கே தைப்பூச லீவு வந்ததே 2021-இல்தான். அவர்களுக்கு அது எப்போதோ உண்டு. சிவராத்திரி, உகாதி, சீனப் புத்தாண்டு, ரம்ஜான், தீபாவளி, கிறிஸ்துமஸ் எல்லாவற்றுக்கும் லீவு. மார்ச் 12 சுதந்திர தினம், நவம்பர் 2 கூலித் தொழிலாளர்கள் கப்பலில் வந்து இறங்கிய நாள்.

அத்தை: இவ்வளவு லீவு என்றால் வேலையை எப்போது பார்ப்பார்கள்?

கண்ணன்: அவர்கள் பணமும் ரூபாய்தான், நோட்டில் தமிழ் உண்டு. 1998-இல் வழக்கத்தை மாற்றி இந்தியை மேலே, தமிழைக் கீழே போட்டு அச்சடித்தார்கள். நம் ஆட்கள் கிளம்பிய கிளம்பில் அத்தனை நோட்டையும் திரும்ப வாங்கிவிட்டார்கள்.

அத்தை: அப்படியா! அந்த நோட்டு ஒன்று கொண்டுவருகிறேன். இந்த ஊர்க் கோவிலை விட்டுப் போகிறோமே என்றுதான் மனசு கேட்கவில்லை.

கண்ணன்: போர்ட் லூயிஸில் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோவிலே இருக்கிறது. காவடி முடிந்ததும் வாழை இலையில் ஏழு கறியோடு சாப்பாடு, சுத்த சைவம். ஒன்றுதான் கவலை. ஜனவரி, பிப்ரவரி அங்கே புயல் காலம். எச்சரிக்கைக்கு 1, 2 என்று எண் ஏற்றிக்கொண்டே போவார்கள். 3 வந்தால் பஸ் ஓடாது. அறையை விட்டு வெளியே வரக்கூடாது.

அத்தை: உன் மாமாவோடு ஒரே அறையில், டிவியும் இல்லாமலா? அதற்கு என்ன எச்சரிக்கை வைத்திருக்கிறார்கள்?

கண்ணன்: (சிரித்துக்கொண்டே) சரி, படிவத்தை நிரப்பலாம். காய்ச்சல், இருமல் உண்டா?

அத்தை: இல்லை. மூட்டுவலி உண்டு என்று போடு.

கண்ணன்: அதை அவர்கள் கேட்கவில்லை அத்தை.

அத்தை: கேட்காவிட்டால் என்ன? நாம் சொல்லி வைப்போம். வயதானவள் என்று நாற்காலி கீற்காலி தருவார்கள்.

கண்ணன்: மாமாவின் தொழில்... ஓய்வு பெற்றவர் என்று போட்டுவிட்டேன். உங்களுக்கும் அதையே போடவா?

அத்தை: எனக்கு யாருடா ஓய்வு கொடுத்தது?