மூச்சை அடக்கிப் பார்ப்பது நுரையீரல் பரிசோதனை ஆகாது

மட்டக்களப்பு, கல்முனைப் பக்க வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள பிள்ளை 10 செக்கன் இருமாமல் மூச்சை அடக்கினால் நுரையீரல் நல்லாயிருக்கு. கிளினிக்கில் ஊதிப் பார்க்கத் தேவையில்லை."

இது பிழை. இந்தப் பரம்பரை நோயில் தடித்த சளி மூச்சுக்குழாய்களை அடைக்கிறது. மூச்சை அடக்கும் நேரம் அந்த அடைப்பைக் காட்டாது. பழகினால் யாருக்கும் கூடும். 2020இல் கொரோனாவுக்கும் இதே 10 செக்கன் கதை வந்தது. உலக சுகாதார நிறுவனம் அதை மறுத்தது; அதன் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம்.

பார்க்க வேண்டியது ஸ்பைரோமெட்ரி, அதாவது கிளினிக்கில் ஊதிப் பார்க்கும் அந்தப் பரிசோதனை. மூக்கில் கிளிப், வாயில் குழாய். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, பக்கத்தில் நிற்பவர் "ஊது, ஊது, விடாம ஊது" என்று சொல்லச் சொல்ல முழுப் பலத்தோடு ஊத வேண்டும். முதல் 1 செக்கனில் வெளிவரும் காற்றின் அளவை, பிள்ளையின் பழைய அளவுகளோடு ஒப்பிடுவார்கள். பிள்ளை ஓடி விளையாடும்போதே அந்த அளவு இறங்கியிருக்கலாம். அதனால்தான் இந்தச் செய்தி எனக்குப் பயமாக இருக்கிறது. நேரத்தோடு கண்டால் மருந்தையும் சளி எடுக்கும் பயிற்சியையும் வைத்தியர் மாற்றித் தருவார்.

சந்தேகமிருந்தால் பிள்ளையைப் பார்க்கும் வைத்தியரிடமே கேளுங்கள். தயவுசெய்து அந்த வாட்ஸ்அப் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால் அழித்துவிட்டு, அதே குழுவில் பிழையென்று போடுங்கள்.